பாற்கடலும் பூனையும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களை மேசையில் பரப்பியபோது முக்கால்வாசிப் பேருக்கு ஒரே காய்ச்சல் என்று தெரிந்தது. எழுதுகிறவர்கள், எழுத ஆசைப்படுகிறவர்கள், எழுதிப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருப்பவர்கள். பெயர் போட வேண்டாம் என்று அநேகமாக எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், அதனால் ஊர் மட்டும்.

கேள்வி: ஆறு வருடமாக எழுதுகிறேன். மூன்று நோட்டு நிறைந்துவிட்டது, யாரிடமும் காட்டியதில்லை. எழுதும்போது நன்றாக இருக்கிற மாதிரி இருக்கிறது, மறுநாள் படித்தால் குப்பை. நல்ல எழுத்தாளர் ஒருவரைப் படித்துவிட்டால் ஒரு வாரத்துக்குப் பேனாவைத் தொட முடிவதில்லை. எனக்கு எழுத்து வருமா, வராதா? மழுப்பாமல் சொல்லுங்கள். (வாசகி, தேனி)

மழுப்பாமல் சொல்கிறேன்: தெரியாது. உங்கள் நோட்டை நான் பார்த்ததில்லை, பார்த்தாலும் வரும் வராது என்று கட்டம் போட்டுச் சொல்ல இது ஜாதகம் இல்லை. ஆனால் கடிதத்தைப் பார்த்தேன். நான்கு பக்கம். எனக்கு வார்த்தைகளை எண்ணுகிற கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. நான், எனக்கு, என்னால், என்னை என்று ஐம்பத்து மூன்று இடத்தில் வருகிறது. கதை எதைப் பற்றி என்பது ஒரே இடத்தில், அதுவும் அடைப்புக்குறிக்குள் வருகிறது: போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போன உங்கள் அம்மாச்சியைப் பற்றி ஒன்று எழுதி, பாதியில் நிற்கிறதாம்.

எனக்கு அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் வேண்டும். அம்மாச்சி ராத்திரி சோறு பிசைந்து உருட்டிக் கொடுத்தால் அதில் ஏலக்காய் வாசனை வந்ததா? வருடக்கணக்கில் காய் பொறுக்கி எந்த விரல் நகம் தேய்ந்திருந்தது? வெளுத்த காயை எந்தப் பக்கம் தள்ளுவார், வெடித்த காயை எந்தப் பக்கம்? வீட்டில் பாயசம் வைத்தால் ஏலக்காய் தட்டிப் போடுவாரா, இல்லை அந்த வாசனையே ஆகாது என்று விட்டுவிட்டாரா? இதற்கெல்லாம் பதில் தேடிக்கொண்டு அம்மாவிடமும் சித்தியிடமும் கேட்டுக்கொண்டு அலைகிற ஒரு வாரத்தில், எனக்கு எழுத்து வருமா என்ற கேள்வி வந்தாலும் அதற்கு உட்கார இடம் இருக்காது. நம்மையே நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தச் சந்தேகத்துக்குத் தீனி கிடைக்கிறது. கண் வேறொன்றின் மேல் முழுசாகப் போய்விட்டால் பட்டினி கிடந்து எழுந்து போய்விடும். என் அளவில் வேறு வைத்தியம் எதுவும் கேட்டதில்லை. தன்னம்பிக்கைப் புத்தகங்களும் படித்துப் பார்த்தேன், எழுதியவருக்குத் தன்னம்பிக்கை நிறைய இருப்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

நல்ல எழுத்தைப் படித்தால் கை ஓடவில்லை என்கிறீர்கள். கம்பருக்கு முன்னால் வால்மீகி உட்கார்ந்திருந்தார், அதைவிடப் பெரிய இடைஞ்சல் யாருக்கு வரும்? பாயிரத்தில் அவையடக்கம் பாடும்போது கம்பர் சொல்கிறார்: ஓசை மிகுந்த பாற்கடலை அடைந்து, ஒரு பூனை அவ்வளவு பாலையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று புகுந்த மாதிரி, நானும் ஆசை பற்றி இராமன் கதையைச் சொல்ல வந்துவிட்டேன். ‘பூசை’ என்பது அவர் போடுகிற வார்த்தை, பூனைதான். தகுதியில்லை தகுதியில்லை என்று புலம்பவில்லை, ஒரு பூனையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். முன்னங்காலைக் கரையில் ஊன்றிக்கொண்டு, நாக்கை நீட்டிக்கொண்டு, எதிரே கரை தெரியாத பால். (முன்னங்கால் நான் போட்டது, கம்பர் போடவில்லை.) தன் பயத்தைக்கூட வெளியே ஓர் உருவமாக நிறுத்திப் பார்க்கத் தெரிந்திருக்கிறது மனிதருக்கு.

அதே இடத்தில் இன்னொரு பாட்டும் உண்டு. சின்னப் பிள்ளைகள் தரையில் கோடு கீறி, இது அறை, இது ஆடரங்கு என்று விளையாடினால் தச்சர்கள் கோபித்துக்கொள்வார்களா என்று கேட்கிறார். ‘தச்சரும் காய்வரோ?’ அவையடக்கம் வெறும் சம்பிரதாயம் என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். ஆமாம், சம்பிரதாயம்தான். தினமும் வந்து தொலைகிற ஒன்றுக்கு இடம் ஒதுக்கி வைப்பதுதானே சம்பிரதாயம், வாசலில் செருப்புக்கு இடம் விடுகிற மாதிரி. சில பாட்டுகளில் அந்தச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் பத்தாயிரத்துக்கு மேல் பாடினார். நீங்களும் நான்காவது நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் உங்கள் அவையடக்கத்தை எழுதுங்கள். எவ்வளவு கேவலமாக வேண்டுமானாலும் உங்களைத் திட்டிக்கொள்ளுங்கள், ஒரே பக்கம், அதற்கு மேல் அனுமதி இல்லை. இரண்டாவது பக்கத்தில் அம்மாச்சி.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் இப்படித்தான் ஒரு தனி நோட்டு வைத்திருந்தார். 1938-ல் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலை எழுதிய ஐந்து மாதமும் பக்கத்தில் ஒரு நாட்குறிப்பு. நான் எழுத்தாளனே இல்லை, என்னையும் ஏமாற்றி ஊரையும் ஏமாற்றுகிறேன் என்று அதில் எழுதியிருக்கிறார், பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களின் சத்தத்தைப் பற்றியும் புலம்பியிருக்கிறார். அவருக்கு 1962-ல் நோபல் கிடைத்தது, ஆகவே சந்தேகம் பொய் என்று சொல்லமாட்டேன், அப்படிச் சொன்னால் நோபல் வாங்காத நம் எல்லோருடைய சந்தேகமும் உண்மை என்றாகிவிடும். எனக்குப் பிடித்தது வேறு. புலம்பலை அந்த நோட்டில் இறக்கிவைத்துவிட்டு, அன்றைக்கு எழுத வேண்டிய பங்கை எழுத மனிதர் போய்விடுகிறார்.

மறுநாள் குப்பையாகத் தெரிகிறது என்பதற்கு மட்டும் சந்தோஷப்படுங்கள். எந்த வரி குப்பை என்று கேட்டுப் பாருங்கள். எல்லாமே என்று பதில் வந்தால் அது பழைய காய்ச்சல், ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். மூன்றாவது பத்தியில் அம்மாச்சி அழுவது பொய், அவர் அழுகிற ஆளே இல்லை என்று பதில் வந்தால் வேலை ஆரம்பமாகிவிட்டது.

கேள்வி: ‘கவனி, கவனி’ என்று எல்லா எழுத்தாளர்களும் சொல்கிறீர்கள். நானும் பேருந்து நிறுத்தத்தில் அரைமணி நேரம் நின்று கவனித்தேன். ஒன்றும் தென்படவில்லை. எதைத்தான் கவனிப்பது? (கல்லூரி மாணவர், திருவண்ணாமலை)

நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டு, இதோ கவனிக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தால் ஒன்றும் தென்படாதுதான் தம்பி. கல்யாண வீட்டில் போட்டோக்காரர் இயல்பாக இருங்கள் என்று சொன்னதும் நமக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆகும். ஊரையே பார்க்க வேண்டாம். ஒரு ஆள், ஒரு வேலை, அதை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அங்கேயே போங்கள்.

எங்கள் தெருமுனையில் வேப்பமரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கிறது. இன்னும் கரி போடுகிற பெட்டிதான். முதல் நாள் பார்த்தபோது, வியர்வை வழிய உழைக்கும் எளிய மனிதர் என்று மனசுக்குள் ஒரு வரி ஓடியது. எங்கேயோ படித்த வரி தானாக வந்து ஒட்டிக்கொண்டது, அன்றைக்கு அவருக்கு வியர்க்கவே இல்லை, மார்கழி. இரண்டாம் நாள் அவர் கையைப் பார்த்தேன். கிண்ணத்தில் விரலை நனைத்து உதறுகிறார், துணி முழுக்க ஒரே மாதிரி விழுகிறது, நான் வீட்டில் உதறினால் ஒரு பக்கம் குளம். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோதான் ஒன்று தெரிந்தது: வெள்ளைச் சட்டை வந்தால் மட்டும் பெட்டியை உடனே சட்டையில் வைப்பதில்லை. ஓரமாக மடித்து வைத்திருக்கிற பழைய துண்டின் மேல் இரண்டு தடவை ஓட்டுகிறார், பெட்டியின் பக்கவாட்டு ஓட்டையில் ஒரு ஊது ஊதுகிறார், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேப்பமரத்துப் பக்கமாக. சாம்பல். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுச் சாம்பல் விழுந்துவிட்டால் அன்றைய கூலியில் அது போய்விடும். கலர் சட்டைக்கு இந்த மரியாதை கிடையாது.

இதில் கதை எங்கே என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. ஆனால் ஒரு மனிதருடைய பயம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு தெரிந்திருக்காது.

குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று, பள்ளியில் படித்திருப்பீர்கள், இருபத்தைந்தாவது. யாரும் அறியாமல் அவன் அவளைக் கூடிய நாளுக்குச் சாட்சி யார்? யாருமே இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அப்புறம் நினைத்துக்கொண்ட மாதிரி, ஒரு குருகு (கொக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்) இருந்தது, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு என்கிறாள். இருந்த ஒரே சாட்சிக்கும் கவனம் மீன் மேல்! அந்தக் குருகின் காலை அவள் எப்படிச் சொல்கிறாள் பாருங்கள்: ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால’. ஏன் தினைத்தாள்? குறிஞ்சி நிலத்துப் பெண், தினைப்புனம் காவல் காக்கிறவள், பொழுதுக்கும் கண் முன்னால் நிற்பது தினைத்தாள்தான். கடற்கரைப் பெண் என்றால் வேறு எதையாவது சொல்லியிருப்பாள். குருகின் காலைச் சொல்கிற ஒரு வார்த்தையில் அவள் ஊரும் தொழிலும் வந்துவிட்டன. அதனால் நீங்கள் பார்த்தது எதையாவது ‘போல’ போட்டு எழுதும்போது, அந்தப் ‘போல’ யாருடைய கண்ணிலிருந்து வருகிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இஸ்திரிக்காரர் கதையில் நிலவு வெள்ளித் தட்டு போல இருக்கக் கூடாது. என்ன மாதிரி இருக்கும் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: கையில் போனை வைத்துக்கொண்டு கவனம் எப்படி வரும்? (வாசகர், சேலம்)

வராது. நான் காலை ஆறு முதல் எட்டு வரை அதை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிடுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கேள்வி: நான்கு கதைகள் அனுப்பினேன், நான்கும் திரும்பின. காரணம்கூடச் சொல்வதில்லை. நண்பர்களிடம் காட்டினால் ‘சூப்பர்’ என்கிறார்கள். யாரை நம்புவது? (வாசகர், கோவை)

இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். சூப்பர் என்பது ‘சாப்பிட்டாச்சா’ மாதிரி, பிரியத்தில் சொல்வது. திரும்பி வந்த கதைக்கு ஆயிரம் காரணம் இருக்கும், பக்கம் இல்லாமல்கூட இருக்கும்.

தபால்தலை ஒட்டிய உறையையும் சேர்த்து அனுப்பவேண்டிய காலத்தில் நான் ஆரம்பித்தேன். வாசலில் தபால்காரர் கையில் என் கையெழுத்திலேயே ஓர் உறை தெரிந்தால் போதும், பிரிக்காமலே விஷயம் புரிந்துவிடும். ஒரு பத்திரிகைக்கு அனுப்பிய கதை அப்படித் திரும்பியபோது கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி இருந்தது: ‘கதை முழுக்க மழை பெய்கிறது, ஒருத்தரும் நனையவில்லை.’ யார் எழுதியது என்று இன்றுவரை தெரியாது. இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் கதையை எடுத்துப் படித்தேன். உண்மைதான். சோவென்று மழை, சடசடவென்று மழை, வானம் பொத்துக்கொண்டு மழை, அதன் நடுவே கதாநாயகன் சைக்கிளில் வந்து இறங்கி நேராகச் சோபாவில் உட்கார்ந்து பேசுகிறான். வேட்டி சொட்டவில்லை, அம்மா துண்டு எடுத்துவரவில்லை, சோபா நனையுமே என்று யாரும் கத்தவில்லை. அன்றைக்கு என் தன்னம்பிக்கை போனது வாஸ்தவம். ஆனால் அந்த ஒரு வரி எனக்குச் செய்ததை அதற்குப் பிறகு எழுதப்பட்ட எந்த மதிப்புரையும் செய்யவில்லை. சூப்பர் என்கிற நண்பர்களிடம் அடுத்த தடவை கருத்துக் கேட்காதீர்கள், எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்த்தாய் என்று கேளுங்கள். அதை மட்டும் உண்மையாகச் சொல்வார்கள்.

கேள்வி: எனக்குச் சந்தேகமெல்லாம் ஒற்றுதான். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்ற பயத்திலேயே பாதி எழுதாமல் போகிறது. ர, ற வேறு குழப்புகிறது. (வாசகி, ஓசூர்)

இருக்கிற சந்தேகங்களிலேயே விலை மலிவானது இதுதான், ர, ற குழப்பத்துக்கு ஓர் அகராதி, ஒற்றுக்கு ஓர் இலக்கணக் கையேடு, வாங்கினால் முடிந்தது. முதலில் தப்பும் தவறுமாக எழுதி முடியுங்கள், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒற்றுப் போடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் வாக்கியத்தின் நடுவில் நின்று நின்று கதையின் மூச்சு போய்விடும். சுந்தர ராமசாமி பள்ளியில் தமிழ் படிக்கவில்லை, பதின்பருவம் முடிகிற தறுவாயில்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். 1966-ல் அவருடைய ‘ஒரு புளியமரத்தின் கதை’ நாவல் வந்துவிட்டது. இந்த பதிலிலேயே எங்காவது ஓர் ஒற்று விட்டுப்போயிருக்கும், கண்டுபிடித்தால் எழுதுங்கள்.

கேள்வி: வயது 52. கூட்டுறவு வங்கியில் காசாளர். இனிமேல் ஆரம்பிப்பது கேலிக்கூத்தாக இருக்குமோ? சொல்லும்படி என் வாழ்க்கையில் ஒன்றும் நடந்ததுமில்லை. (வாசகர், விருதுநகர்)

உங்களுக்குப் பக்கத்துச் சீமைக்காரர், இடைசெவல் கி. ராஜநாராயணன், விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர், முதல் கதை ‘மாயமான்’ 1958-ல் ‘சரஸ்வதி’யில் வந்தபோது வயது முப்பத்தைந்தை ஒட்டி. அப்புறம் அறுபது வருடத்துக்கு மேல் எழுதினார். மழைக்குத்தான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினேன், அப்போதும் பள்ளிக்கூடத்தைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் என்பார். பலரும் இதை நகைச்சுவையாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதில் ஒரு மனிதருடைய பாடத்திட்டத்தையே பார்க்கிறேன். 52 ஆனால் என்ன, மழை உங்களுக்கும் பெய்துகொண்டுதானே இருந்திருக்கிறது.

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்கிற ஆட்களைக் கண்டால் எனக்குச் சந்தேகமாக இருக்கும். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் என்ன நடக்கிறது? சென்னையில் ஒரு தெரு, குழாயில் தண்ணீர் வரவில்லை, குடம் தூக்கிக்கொண்டு பெண்கள் நடக்கிறார்கள். வீட்டில் எழுத இடம் போதாமல் தி.நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர் அவர். நீங்கள் முப்பது வருடமாகக் கம்பித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனை ஆயிரம் கைகளைப் பார்த்திருப்பீர்கள்! நகைக்கடன் வாங்க வருகிறவர் வளையலைக் கழற்றுகிற விதம், அது கழலாமல் சோப்புத் தண்ணீர் கேட்கிற விதம், பணத்தை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போய் எண்ணுகிறவர், உங்கள் எதிரிலேயே இரண்டு தடவை எண்ணுகிறவர். நகை மீட்க வருகிற நாளில் அதே கை எப்படி நீளும்? எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். முதலில் கைகளை மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள், முகம் வேண்டாம்.

கேள்வி: ஊருக்கு உபதேசம் செய்கிறீர்களே, உங்களுக்கு இப்போது சந்தேகம் வருவதில்லையா? (வாசகர், தஞ்சாவூர்)

இப்படி ஒரு கடிதம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வருகிறது. ஒரு நாவல் நாற்பதாவது பக்கத்தில் மூன்று வாரமாக நிற்கிறது. இதெல்லாம் எனக்குத் தேவையா, இனிமேல் நான் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்று தினமும் ராத்திரி ஒரு கச்சேரி நடந்தது. போன வியாழக்கிழமை அந்தப் பக்கத்தை மறுபடி படித்தபோதுதான் எங்கே நிற்கிறது என்று பிடிபட்டது. 1980 வாக்கில் ஒரு பெண் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டே போகிறாள். ‘பூட்டினாள்’ என்று எழுதியிருக்கிறேன். என்ன பூட்டு? திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டா, கதவோடு சேர்ந்த பூட்டா? சாவியை எத்தனை சுற்றுச் சுற்றவேண்டும்? சத்தம் வருமா, விடியற்காலையில் அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமா? கேட்கும் என்றால் அவள் வெறும் கொண்டியை மட்டும் போட்டுவிட்டுப் போயிருப்பாள், கதையே வேறு பக்கம் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் போகிறேன். பழைய மாங்காய்ப் பூட்டு ஒன்று சாவியோடு யாரிடமாவது இருந்தால், விற்க வேண்டாம், ஒருமுறை பூட்டித் திறந்து காட்டினால் போதும்.